உங்களுக்குத் தெரியுமா? பீரோவில் அந்துருண்டையின் இடம் மேல்தட்டு!

ஈரப்பதம் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை ஏலக்காயை உலர்த்திய பின்னரே மூட்டை கட்டும் போடிநாயக்கனூர் வட்டாரத்தில், மலைச்சரிவின் மூடுபனிக் காலத்தில் பட்டுப் புடவைகளைப் பீரோவில் அடுக்குமுன் அதே ஜாக்கிரதையோடு நிழலில் உலர்த்தி, சரிகை ஒரே மடிப்பில் இற்றுப்போகாதபடி சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை மாற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பதே சாலச் சிறந்தது.

பட்டை அரித்துத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சியன்று, அதன் புழுவே. அதனை ஒழிக்கும் அந்துருண்டையின் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால், உருண்டையைத் துணியில் முடிந்து, சரிகையில் படாமல் மேல்தட்டில் வைப்பதே உசிதம். ஆயினும், சிசுக்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கவல்ல விஷத்தன்மை அதற்கு உண்டாதலால், குழந்தைத் துணிகள் உள்ள பீரோவில் அதனை ஒருபோதும் வைக்கலாகாது. அங்கே நம் முன்னோர் கையாண்ட வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இருக்கட்டும்.