கணக்கைப் பூட்டிப் பணம் கேட்கும் களவாணி



இரவில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். காலையில் வந்து பார்த்தால் நம் பூட்டின் மேல் வேறொருவன் தன் பூட்டைப் போட்டு, "சாவி வேண்டுமானால் பணம் கொடு" என்று சீட்டும் ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும்? சரக்கு களவு போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. ஆனால் எடுக்க வழியில்லை. கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்யும் வைரஸுக்கு 'ரான்சம்வேர்' என்று பெயர்.

இது பெரிய கம்பெனிகளுக்கு வரும் தொல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. மளிகைக் கடையும் மண்டியும் வைத்திருப்போர் பலர் இரவில் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் கணக்குப் போடுகிறோம். அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், படம் இறக்குகிறார்கள். களவாணிக்கு அந்த ஒரு வாசல் போதும்.

பழைய திருட்டு, புதிய வேஷம்

1989-ஆம் ஆண்டிலேயே இது தொடங்கிவிட்டது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லிச் சுமார் 20,000 பிளாப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. அதைப் போட்டவர்களின் கம்ப்யூட்டரில் பைல்கள் மறைந்தன. பனாமா நாட்டுத் தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லி அறிவிப்பு வந்தது.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற ரான்சம்வேர் பரவி, சில நாட்களில் 150 நாடுகளுக்கு மேல் தாக்கியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளின் வேலையே நின்றது. கேட்ட தொகை 300 டாலர். மூன்று நாளில் கட்டாவிட்டால் 600. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் அந்த மார்ச் மாதமே இலவசமாக வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள்.

2024 ஜூலை இறுதியில் நம் நாட்டில் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் ஒரு நிறுவனம் ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாக நின்றது.

கண்டுகொள்வது எப்படி?

நேற்று வரை திறந்த பில், எக்ஸெல் பைல், போட்டோ எதுவும் இன்று திறக்காது. பைல் பெயரின் கடைசியில் முன்பின் பார்த்திராத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு போல்டரிலும் 'ரீட்மீ' என்பது போன்ற பெயரில் ஒரு கடிதம் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதிகம் தாக்கிய 'ஸ்டாப் டிஜேவியு' வகையின் கடிதத்தில் 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை என்று போட்டிருப்பார்கள். ஆடித் தள்ளுபடி தெரிந்த நாம் இந்த அவசரப்படுத்தலுக்கு மசியலாகாது.

இன்னொரு வகை வெறும் பூச்சாண்டி. இணையத்தில் ஏதோ பார்க்கும்போது திரை முழுக்கச் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்து, "உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று அலறும். போன் செய்யாதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜர் வழியாக பிரவுசரை மூடுங்கள். பிறகு உங்கள் கணக்கு பைல்களைத் திறந்து பாருங்கள். எல்லாம் வழக்கம்போல் திறந்தால், வந்தது பெரும்பாலும் வெறும் மிரட்டல்தான்.

அகப்பட்டால் செய்ய வேண்டியவை

முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைபையை நிறுத்துங்கள், பென் டிரைவையும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றுங்கள். கண் முன்னாலேயே பைல்கள் மாறிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டரோடு இணைப்பு இருந்தால் அங்கும் உடனே சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவதாக, மிரட்டல் கடிதத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகை என்று கண்டுபிடிக்க அதுவே அடையாளம்.

மூன்றாவதாக, வேறொரு நல்ல கம்ப்யூட்டரிலிருந்து ஈமெயில், வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பூட்டுப் போட வந்தவன் பாஸ்வேர்டுகளையும் திருடிச் செல்வது உண்டு.

நான்காவதாக, வைரஸை நீக்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியில் 'டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன்' என்று இருக்கிறது. அது விண்டோஸ் ஓடத் தொடங்கும் முன்பே தேடிப் பிடிக்கும். அதைவிட உறுதியானது, பூட்டப்பட்ட பைல்களைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வைரஸை நீக்குவது வேறு, பைலை மீட்பது வேறு. பூட்டியவனை விரட்டிவிட்டதால் பூட்டு திறந்துவிடாது. சாவி வேண்டும்.

அந்தச் சாவி சில வகைகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முதலியோர் சேர்ந்து 2016 ஜூலையில் 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். பூட்டப்பட்ட ஒரு பைலையும் மிரட்டல் கடிதத்தையும் அதில் கொடுத்தால், சாவி உண்டா என்று சொல்லும். இன்று இல்லாவிட்டாலும் பின்னால் வரலாம். பூட்டிய பைல்களை அழித்துவிடாதீர்கள். எல்லா வகையையும் திறந்து தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். சாவி என்று சொல்லி மறுபடியும் பூட்டிய போலிகளும் உண்டு.

பணம் கட்டலாமா? கட்டினால் சாவி வரும் என்பதற்கு யார் பொறுப்பு? 2021-இல் அமெரிக்காவில் எண்ணெய்க் குழாய் நடத்தும் காலனியல் பைப்லைன் நிறுவனம் 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர் கட்டியது. வந்த சாவி ஆமை வேகத்தில் வேலை செய்ததால், தன்னிடம் இருந்த பேக்கப்பையே அது பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1930 என்ற எண்ணிலோ, மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் கொடுத்துவிடுங்கள்.

கணக்கு போனால் என்ன போகும்?

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 வழியாகவும், கொள்முதலை 2பி வழியாகவும் ஓரளவு மீட்டுவிடலாம். வங்கி வரவு செலவு வங்கியில் இருக்கிறது. ஆனால் யார் யார் எவ்வளவு பாக்கி, எந்த பில்லுக்கு எவ்வளவு வரவு என்பது எந்த அரசு இணையதளத்திலும் இல்லை. அது நம் பேரேட்டில் மட்டுமே உண்டு. வாங்கிய கடனை ஒப்புக்கொள்ளும் நல்லவர்கள் பலர் இருந்தாலும், எல்லோரையும் நம்பி வியாபாரம் செய்ய முடியுமா? எனவே மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை அச்செடுத்து வைத்துவிடுங்கள். சில தாள்தான் செலவு.

வருமுன் காக்க

பேக்கப் எடுக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றொன்று. எடுத்து முடித்ததும் கழற்றி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைக் கடைப் பெட்டியிலும் வையுங்கள். சொருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப் திறக்கிறதா என்று வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்.

திருட்டு சாப்ட்வேரும், இலவசமாக உடைத்துத் தரும் விளையாட்டும் வேண்டாம். டிஜேவியு பெரும்பாலும் அந்த வழியாகவே நுழைந்தது. தெரியாத முகவரியிலிருந்து 'பில்', 'கொட்டேஷன்' என்று வரும் ஈமெயில் இணைப்பைத் திறக்குமுன் அனுப்பியவருக்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளுக்குத் தனி யூசர் கணக்கு கொடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

கல்லாவைப் பூட்டாமல் நாம் தூங்கப் போவதில்லை. கல்லாவில் இருப்பது ஒரு நாள் வசூல். கணக்கில் இருப்பதோ பல வருட உழைப்பு. இந்த ஞாயிறு கடை விடுமுறையில் முதல் பேக்கப்பை எடுத்து முடியுங்கள்.