கடலுக்கு அடியில் ஒரு கவிழ்த்த சட்டி

மலைக்கு எதிரே நின்று "ஓ" என்று கத்துங்கள். "ஓ" என்று திரும்பக் கேட்கும். மலை தூரத்தில் இருந்தால் எதிரொலி தாமதமாக வரும். பூமிக்குள் எண்ணெய் தேடுவதும் இப்படித்தான்.

மும்பைக்கு மேற்கே, கடலில் சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் ஓர் எண்ணெய் வயல் உள்ளது. அதன் பெயர் மும்பை ஹை. மேலே வெறும் தண்ணீர். அடியில் எண்ணெய் இருப்பது எப்படித் தெரிந்தது?

எண்ணெய் தேடும் கப்பல் காற்றை அழுத்தி வைத்துக் கடலுக்குள் 'டப்'பென்று விடும். அந்த ஒலி கடலின் தரையைத் தாண்டிப் பாறைக்குள் போகும். ஒவ்வொரு பாறை அடுக்கிலும் கொஞ்சம் ஒலி திரும்பி வரும். மீதி இன்னும் கீழே போகும். கப்பலின் பின்னால் நீளமான வடம் மிதந்து வரும். அதில் காது போன்ற கருவிகள் உண்டு. எந்த ஒலி எப்போது திரும்பியது என்று அவை பதிவு செய்யும். அதைக் கணக்கிட்டுப் பாறைகளின் படம் வரைவார்கள்.

பூமிக்குள் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்காது. செங்கல்லில் தண்ணீர் ஊறுவது போலப் பாறையில் ஊறி இருக்கும். எண்ணெய் தண்ணீரை விட லேசானது. அதனால் மேலே ஏறும். கெட்டியான பாறை கவிழ்த்த சட்டி போல மூடி இருந்தால், அங்கே தங்கிவிடும்.

ஒலி காட்டுவது சட்டியைத்தான். உள்ளே எண்ணெயா, தண்ணீரா? துளை போட்டால்தான் தெரியும்.

1960-களில் சோவியத் கப்பல் ஒன்று மும்பை ஹையில் பெரிய சட்டியைக் கண்டது. ஆனால் கடலில் துளை போட நம்மிடம் கருவி இல்லை. பல வருடம் காத்திருந்தார்கள். ஜப்பானில் கட்டிய 'சாகர் சாம்ராட்' வந்தது. 1974-இல் அது துளை போட்டது. எண்ணெய் வந்தது! 1976-இல் உற்பத்தி தொடங்கியது.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. எத்தனையோ துளைகளில் வெறும் தண்ணீர்தான் வந்தது. செலவு செய்த பணம் போனதுதான்.

குஜராத், அசாம், காவிரிப் படுகை போன்ற இடங்களில் தரையிலும் தேடுகிறார்கள். வயலில் குழி போட்டுச் சிறிய வெடி வைப்பார்கள். வயர் இழுத்துக் கருவிகளை நடுவார்கள். உடனே "நம் ஊரில் பெட்ரோல்!" என்று பேச்சு கிளம்பும். சிலர் நிலத்தின் விலையைக்கூட ஏற்றிவிடுவார்கள். அவர்கள் வந்தது சட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

வெடி வைக்கும்போது குழந்தைகளும் மாடுகளும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பயிர் சேதமானால் இழப்பீடு கேளுங்கள். எந்த சர்வே எண், எத்தனை சென்ட், எவ்வளவு ரூபாய் என்று தாளில் எழுதி இருக்கும். அதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.