கனத்த பட்டறை இயந்திரங்களுக்குச் சக்கரப் பீடம்

தொழிற்பயிற்சிப் பள்ளிகளிலும் வட்டாரப் பழுதுபார்ப்புக் கூடங்களிலும் இடநெருக்கடி புதிதன்று. பலகைகளை அடுக்குவதும், மாணாக்கர் நின்று பார்ப்பதும், இயந்திரங்கள் ஓடுவதும் ஒரே கூடத்தில்தான். ஆகவே, இயந்திரத்தைச் சக்கரப் பீடத்தில் ஏற்றி, வேலையின்போது நடுவே இழுத்து, பின்னர்ச் சுவரோரம் ஒதுக்கிவைப்பது சிக்கனமான வழியாகும். ஆயினும் தரையோடு இறுக்கப்பட்ட இயந்திரம் வேறு, சக்கரம் பூட்டிய இயந்திரம் வேறு என்பதை உணராது செய்தால் கால் நசுங்கும், உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

அபாயம் எடையில் மட்டும் இல்லை. அவ்வெடையின் மையம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதிலும் இருக்கிறது. நெடிய தூணுடைய துளையிடும் இயந்திரம் ஒன்றின் எடை 120 கிலோகிராம், ஈர்ப்பு மையத்தின் உயரம் 1 மீட்டர், அடியகலம் 40 செ.மீ. எனக் கொள்வோம். அது பக்கவாட்டில் 11 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். சக்கரம் தடைப்பட்ட நிலையில் 1.5 மீட்டர் உயரத்தில் கைவைத்துத் தள்ளினால், 16 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையே அதற்குப் போதும். பள்ளிச் சிறுவனுக்கும் அது இயலும். பிற அளவுகள் மாறாமல் அடியகலத்தை மட்டும் 70 செ.மீ. ஆக்கினால் அவ்விசை 28 கிலோகிராமாக உயரும். இந்த அகலம் சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களுக்கு இடைப்பட்டது. பீடத்தின் சட்டத்தை அளந்து ஏமாறக்கூடாது. எத்திசையும் திரும்பும் காஸ்டர் சக்கரங்கள் உட்புறமாகத் திரும்பும்போது அதுவும் சில செ.மீ. குறைந்துவிடும்.

சக்கரம் தடைப்படுவது பெரும்பாலும் வாயிற்படியிலும் தளத்தின் வெடிப்பிலுமே. ஆசிரியர்கள் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க கணக்கு ஒன்று உண்டு. 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் 1 செ.மீ. உயரத் தடையில் ஏற, அதன்மேல் உள்ள பாரத்தில் முக்கால் பங்கு விசை கிடைமட்டமாக வேண்டும். விட்டம் 20 செ.மீ. எனில் பாதிக்கும் குறைவு போதும். ஆதலால் பெரிய சக்கரமே மேல். தடையின்மீது சரிவுப் பலகை இட்டு, இயந்திரத்தைத் தலைப்பக்கம் பற்றாது பீடத்தைப் பற்றியே நகர்த்துதல் வேண்டும்.

தளம் முற்றிலும் சமமாக இருப்பதில்லை; நான்கு சக்கரங்களில் மூன்றே பாரத்தைத் தாங்கும் வேளைகள் பல. எனவே, மொத்த எடையை நான்கால் வகுக்காமல் மூன்றால் வகுத்துச் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பதே தக்கது.

இயந்திரம் ஓடும்போது சக்கரத்தின்மீது நிற்றலாகாது. சக்கரத்தை நிறுத்தும் தடையை மட்டும் நம்புவோர் உளர். அத்தடை உருளுதலைத்தான் நிறுத்தும். காஸ்டரின் ஆட்டம் எஞ்சியிருக்கும். இழைப்பு இயந்திரத்தில் மரத்தைத் தள்ளுகையில் பீடம் அசைந்தால் கை கத்தியை நோக்கிச் செல்லும். திருகுக் கால்களை இறக்கி, சக்கரங்கள் தரையைவிட்டு எழும்படி செய்வதே முறை. கடைசல் இயந்திரத்துக்கோ சக்கரப் பீடமே ஏற்றதன்று. அதன் படுகை சிறிது முறுகினாலும் கடையும் பொருள் ஒருபுறம் பருத்து ஒருபுறம் சிறுத்துவிடும்.

நகர்த்துமுன் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அடிக்கடி வளையும் கம்பிவடத்தினுள் எர்த் கம்பி அறுந்திருந்தாலும் இயந்திரம் வழக்கம்போல ஓடும். ஆகையால் அதனைத் தவறாது சோதித்துவர வேண்டும். மும்முனை மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தை வேறோர் இணைப்புப் பெட்டியில் பூட்டினால் சுழலும் திசை மாறிவிடவும் கூடும். வேலைப்பொருளை வைக்காமல், எவரையும் அருகில் நிறுத்தாமல், ஒரு கணம் மட்டும் ஓட்டிப் பார்த்த பின்னரே மாணாக்கரை அழைத்தல் வேண்டும்.