நிலைவாயிலில் ஒரு நாய்

‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்கே போகும்’ என்பது தமிழகத்தில் வழங்கும் ஒரு பழமொழி. மனிதர் தம் இயல்பை எளிதில் விடுவதில்லை என்பதைச் சுட்டவே இஃது எழுந்தது. எனினும், நாய்க்குரிய இடம் வீட்டுக்கு வெளியேதான் என்னும் கருத்தையும் இது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இன்றோ நகரங்களில் நாய் நடுவீட்டுக்கு மட்டுமன்று, கட்டிலுக்கும் வந்துவிட்டது. அதே தெருவில், அடுத்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில், இரண்டு முழச் சங்கிலியில் மற்றொரு நாய் தன் வாழ்நாளைக் கழிக்கிறது. இவ்விரண்டில் எது முறையானது என்னும் வினாவுக்கு விருப்பு வெறுப்பைக் கொண்டு விடை காண இயலாது. நாயின் உடலமைப்பையும் அது மனிதரோடு வாழ்ந்த வரலாற்றையும் கொண்டே விடை காண வேண்டும்.

இவ்வினா புதியதன்று. சங்க இலக்கியம் நாயை ஞமலி, ஞாளி என்னும் பெயர்களாலும் குறிக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியில் பலவகை ஊர்கள் வருகின்றன. அவற்றுள் எயினரின் அரண்வீடு சங்கிலியால் நாயைக் கட்டி வைத்த, அயலார் நெருங்குதற்கரிய காவல் உடையது. அதே பாட்டில் அந்தணரின் மனைகளோ கோழியும் நாயும் அணுகாதவை. ஒரே பாட்டு, ஒரே நிலப்பகுதி. ஆயினும் நாயின் இடம் குடிக்குக் குடி வேறுபட்டிருந்தது. வீட்டாரின் தொழிலும் தேவையும் வழக்கமுமே அவ்விடத்தை முடிவு செய்தன. நாய்க்கு எது ஏற்றது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மனிதருக்கும் நாய்க்கும் உள்ள உறவு இதனினும் மிகப் பழையது. செருமனி நாட்டின் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு கல்லறை கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லறையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாய்க்குட்டியும் உடன் புதைக்கப்பட்டிருந்தனர். குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோயால் பல வாரங்கள் துன்புற்றது எனக் கருதுகின்றனர். அந்நோய் கண்ட குட்டி, யாரேனும் அருகிலிருந்து உணவும் நீரும் தந்து பேணாவிடில் அத்தனை நாள் உயிர் வாழ்ந்திருக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் அந்நிலையில் அது பயன்பட்டிராது. வேளாண்மை தோன்றுவதற்கு முன்னரே, பயன் கருதாமல் ஒரு நோயுற்ற குட்டியைத் தம் அருகில் வைத்துக் காத்த மனிதர் இருந்தனர்.

இதற்கு நேர்மாறான சான்று இத்தாலியில் உள்ளது. கி.பி. 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பாம்பெய் நகரம் சாம்பலில் புதைந்தது. அங்கு ஒரு செல்வர் வீட்டில் காவல்நாய் ஒன்று கட்டப்பட்டிருந்தது. வீட்டார் அங்கில்லை. வானிலிருந்து விழுந்த நுரைக்கற்கள் குவியக் குவிய, நாய் அக்குவியலின்மேல் ஏறி ஏறி நின்றது என்றும், கட்டின் நீளம் முடிந்ததும் அங்கேயே மடிந்தது என்றும் ஆய்வாளர் விளக்குவர். சாம்பலில் அதன் உடல் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்தை ஊற்றி 1874இல் அதன் உருவத்தை வார்த்தெடுத்தனர். முதுகை முறுக்கிக் கால்களை மேலே தூக்கியபடி கிடக்கும் அவ்வுருவின் கழுத்தில் பட்டை தெளிவாகத் தெரிகிறது. வீட்டைக் காக்க வைத்த நாய்க்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இல்லாமற் போயிற்று.

திண்ணையும் முற்றமும்

தமிழகத்துச் சிற்றூர் வீடுகளில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்னும் பிரிவு இன்றுள்ளதுபோல் கூர்மையாக இருந்ததில்லை. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே திண்ணை இருந்தது. திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடையே இடைகழி இருந்தது. பின்புறம் தொழுவமும் கொல்லையும் இருந்தன. நாய் அடுக்களைக்கு வருவதில்லை. ஆனால் வெயில் ஏறினால் திண்ணைக்கு அடியிலும், மழை பெய்தால் தொழுவத்திலும், வீட்டார் உறங்கும்போது வாயிலருகிலும் தானே இடம் தேடிப் படுத்துக்கொண்டது. வீட்டார் பேச்சும் காலடியும் அதற்குக் கேட்டுக்கொண்டே இருந்தன.

அக்காலத்தை முற்றும் பொற்காலமாகக் கருதுவதற்கில்லை. தடுப்பூசி இல்லை, குட்டிகளிற் பல பிழைத்ததில்லை, வெறிநோய் கண்ட ஒரு நாய் ஊரையே நடுங்க வைத்தது. ஆயினும், வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே தேர்ந்துகொள்ளும் உரிமை அந்நாய்க்கு இருந்தது. திண்ணை இடிக்கப்பட்டுச் சுற்றுச்சுவர் எழுந்தபோதும், அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபோதும் மறைந்தது அவ்வுரிமையே. இடைப்பட்ட இடம் போய்விட்டமையால், உள்ளேயா வெளியேயா என்று மனிதர் முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

உடல் கூறும் விடை

வெளியில் வாழும் நாயின் முதற்பகை வெப்பம். மனிதரைப்போல நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் மெத்தைப் பகுதியில் மட்டுமே சிறிது வியர்வை கசியும். ஆகவே வாயைத் திறந்து, நாவைத் தொங்கவிட்டு, விரைந்து மூச்சிரைப்பதன் மூலமே அது தன் உடலைக் குளிர்விக்கிறது. நாவிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் இந்த ஆவியாதல் குறைந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மே மாதப் பகலில் நாய் எவ்வளவு இரைத்தாலும் போதிய அளவு குளிர்வதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. வேலூர், திருத்தணி போன்ற உள்நாட்டு ஊர்களில் வெப்பநிலையே 40 டிகிரி செல்சியசைக் கடந்துவிடுகிறது.

நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைக் கடந்தால் மூளை, சிறுநீரகம், குடல் முதலிய உறுப்புகள் பழுதுறத் தொடங்கும். மொட்டைமாடியில் தகரக் கூரையிட்ட கூண்டு, நண்பகலில் அந்நிலையை விரைவில் உண்டாக்கிவிடும். காலையில் நிழலாக இருக்கும் இடம் பிற்பகலில் வெயிலாக மாறுவதும் உண்டு. சுதந்திரமாகத் திரியும் நாய் எழுந்து நகர்ந்துகொள்ளும். கட்டப்பட்ட நாய் என்ன செய்யும்?

இதில் எல்லா நாயும் ஒன்றல்ல. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தென்மாவட்டங்களின் வெயிலில் பழகிய இனங்கள். மெலிந்த உடலும் குறுகிய உரோமமும் கொண்ட சிப்பிப்பாறை நாய் நம் கோடையைத் தாங்கும் வகையில் அமைந்தது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயினங்களின் அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. வெண்மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவித்திறன் இன்றிப் பிறப்பதுண்டு. அத்தகைய நாயை வெளியில் திரியவிட்டால், பின்னால் வரும் வண்டியை அதனால் உணர இயலாது. ஆக, நாட்டு இனம் என்ற ஒரே காரணத்துக்காகத் தெருவிலும் வெயிலிலும் விட்டுவிடுவதும் பிழையே.

சைபீரியப் பனிநிலத்துக்காக இரட்டை அடுக்கு உரோமத்துடன் அமைந்த ஹஸ்கியின் நிலை வேறு. தட்டையான முகமும் குறுகிய மூச்சுப்பாதையும் கொண்ட பக் இனத்துக்கோ இரைப்பதே கடினம். இவற்றைத் தமிழகக் கோடையில் வெளியே வைப்பது கொடுமை. இவ்வெப்ப மண்டலத்துக்கு இவற்றை வாங்கி வருதலே தகுமா என்பது அதற்கும் முற்பட்ட வினா. விலை கேட்பவர் மிகப் பலர். இவ்வினாவைக் கேட்பவர் மிகச் சிலர்.

உள்ளே வந்தால் நோய் வருமா?

நாயை வீட்டுக்குள் விடாமைக்குப் பலரும் கூறும் காரணம் தூய்மை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. நாயின் குடலில் வாழும் உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. அவை மனித உடலிற் புகுந்தால், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, கண் முதலிய உறுப்புகளில் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆனால் வெளியேறிய உடனே அம்முட்டைகள் தொற்றும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் பல நாள், சில வேளைகளில் பல வாரம் கிடந்து வளர்ந்த பின்னரே தொற்றும். எனவே நாள்தோறும் மலத்தை அகற்றி, உரிய காலத்தில் குடற்புழு மருந்து கொடுக்கும் வீட்டில் அச்சத்துக்கு இடம் குறைவு. அகற்றப்படாத மலம் கிடக்கும் தோட்டத்து மண்ணே குழந்தைக்கு மிகுந்த இடர் தருவது. நாயை வெளியே வைப்பதனால் மட்டும் தூய்மை வந்துவிடாது.

உண்ணியின் செயலும் இத்தகையதே. புல்லிலும் பிற நாய்களிடமும் தொற்றிக்கொண்டு வரும் பழுப்பு நாயுண்ணி, சுவர் வெடிப்புகளில் முட்டையிட்டுப் பெருகும். அது கூண்டின் சுவரா, கூடத்தின் சுவரா என்று பார்ப்பதில்லை. அது பரப்பும் காய்ச்சல்கள் நாயின் இரத்தத்தைச் சிதைத்து உயிரைப் பறிக்கவல்லவை. மடியில் கிடக்கும் நாயின் காதுமடலில் உண்ணி ஏறினால் அன்றே கண்ணிற் படும். வாரத்துக்கு ஒருமுறை தொடப்படும் நாயின்மேல் அது ஏறியது, நாய் உணவை மறுத்துச் சோர்ந்து விழும்போதே தெரியவரும்.

வெறிநோய் யாவற்றிலும் கொடியது. அறிகுறி தோன்றிய பின் அதனின்று பிழைத்தல் மிக மிக அரிது. மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசி, பின்னர் மருத்துவர் கூறும் கால இடைவெளியில் தவறாத தடுப்பூசி என்பது, நாய் எங்கு வாழ்ந்தாலும் மாறாத கடமை. கட்டவிழ்ந்து இரவில் தெருவில் திரிந்து வரும் நாய்க்கு இத்தேவை இன்னும் மிகுதி. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, காலம் தாழ்த்தாது மருத்துவரை அடைதல் வேண்டும்.

காவலும் சங்கிலியும்

‘காவலுக்காக வளர்க்கிறோம், வெளியே கட்டினால்தானே காக்கும்’ என்பது மற்றொரு வாதம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். நாயின் செவி 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்கும் உணரும். கதவுக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய், வாயிற்கதவின் சிறு அசைவையும் அறிந்து குரைத்துவிடும். அது வெளியேதான் கிடக்க வேண்டும் என்பதில்லை. மேலும், சங்கிலியில் கட்டிய நாயால் அந்த வட்டத்துக்கு அப்பால் எதையும் தடுக்க இயலாது. அச்சம் ஏற்பட்டால் விலகியோட அதற்கு வழியில்லை. எஞ்சியிருப்பது கடித்தல் ஒன்றே. விளையாட்டாக அவ்வட்டத்துக்குள் நுழையும் குழந்தைகள் கடிபடுவதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது. நாளெல்லாம் கட்டுண்ட நாய் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவதும், ஓயாமல் குரைப்பதும், தன் காலையே நக்கிப் புண்ணாக்குவதும் காவலின் அறிகுறிகள் அல்ல, மனத்துன்பத்தின் அறிகுறிகள்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இதனைக் கருதியுள்ளது. அதன் 11ஆம் பிரிவின்படி, விலங்கை மிகக் குறுகிய அல்லது மிகப் பளுவான சங்கிலியில் தகாத நேரம் கட்டி வைத்தல் குற்றம். வழக்கமாகக் கட்டப்பட்டோ அடைக்கப்பட்டோ உள்ள நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்காத உரிமையாளரும் அப்பிரிவின்படி குற்றவாளியே. ‘அடைக்கப்பட்டோ’ என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. சங்கிலிக்கு மட்டுமன்று, பூட்டிய வீட்டுக்கும் அது பொருந்தும்.

ஏனெனில் உள்ளே வாழ்வதே நல்வாழ்வு என்று கூறவும் இயலாது. கணவனும் மனைவியும் பணிக்குச் சென்றபின், மூன்றாம் மாடியில் பத்து மணிநேரம் தனித்துக் கிடக்கும் நாய் நிழலில் இருக்கிறது; நீரும் இருக்கிறது. மோந்து அறிய மட்டும் எதுவும் இல்லை. மனிதர் கண்ணால் உலகை அறிவதுபோல நாய் மூக்கால் அறிகிறது. தெருவோரத்து மரத்தடியில் எந்த நாய் வந்துசென்றது, எப்போது வந்தது என்பதை மோந்து அறிவது அதற்குச் செய்தி படிப்பதை ஒத்தது. இரண்டு நிமிடம் மரத்தடியில் நிற்க விடாமல் வாரைப் பற்றி இழுத்துச் செல்பவர், நடைப்பயிற்சி தருகிறார். நடத்தலின் பயனைத் தருவதில்லை.

பழமொழிக்கு இங்குத் திரும்பலாம். நடுவீட்டில் வைத்த நாய் தெருவுக்குப் போவது உண்மையே. தான் உறங்கும் இடத்தை அழுக்காக்காமை அதன் பிறவிக்குணம். குட்டிப்பருவத்தில் வெளியே அழைத்துச் சென்று பழக்கினால் எளிதிற் கற்றுக்கொள்வது அதனால்தான். மோப்பமும் ஓட்டமும் அதன் தேவைகள். பழமொழி இழிவெனக் கண்டது நாயின் இயற்கையை. அப்பழமொழி சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு: தெருவுக்குப் போன நாய் திரும்பி வரும்.

காலையிலும் மாலையிலும், தார்ச்சாலை சுடாத வேளையில், நாய் வெளியே செல்ல வேண்டும். புறங்கையைச் சாலையில் சில நொடி வைத்துப் பொறுக்க முடியவில்லையெனில், அச்சாலை அதன் பாதத்துக்கும் ஆகாது. நண்பகலிலும் மழையிலும், வெடியோசை மிகுந்த தீபாவளி இரவிலும் அது வீட்டுக்குள் இருத்தல் வேண்டும். தோட்டத்தில் வைக்க வேண்டிய நிலையிருப்பின், நாள் முழுதும் மாறாத நிழலும் தரையினின்று உயர்ந்த படுக்கையும் கவிழாத பாத்திரத்தில் நீரும் தேவை. சங்கிலிக்கு மாற்றாக வேலி தேவை. கதவைத் திறந்து வைத்து, எங்கு வேண்டுமானாலும் படுத்துக்கொள்ள விட்டால், நாய்கள் பல நேரங்களில் நிலைவாயிலில் வந்து படுத்துக்கொள்வதைக் காணலாம். முன்னங்கால்கள் வாசற்படியில் நீண்டிருக்கும். முதுகு கூடத்தின் குளிர்ந்த தரையில் பதிந்திருக்கும். ஒரு காது தெருப்பக்கமும் மற்றொரு காது அடுக்களைப் பக்கமும் திரும்பியிருக்கும்.