தராசு சொல்லாத சேதி

"என்ன அக்கா, நாலு நாளாய் ஆளையே காணோம்?"

"அதை ஏன் கேட்கிறாய், போ! மூன்று மாசமாய் விடியற்காலையில் எழுந்து நடந்தேன். தராசு முள் அசைய மாட்டேன் என்கிறது. நடந்து என்ன லாபம்?"

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வாசலிலோ புது ஆற்றங்கரையிலோ அதிகாலையில் நடக்கப் போகிறவர்கள் இந்தச் சம்பாஷணையைக் கேட்டிருப்பார்கள். பொங்கல் கழிந்து, சர்க்கரைப் பொங்கலின் நெய்மணம் கையை விட்டுப் போவதற்குள் ஒரு கூட்டம் புதுச் செருப்பும் புது உற்சாகமுமாகக் கிளம்பிவிடும். தை மாசம் முழுவதும் அமர்க்களம்தான். மாசியில் பாதிப் பேரைக் காணோம். பங்குனி வெயில் வந்ததும் மீதிப் பேருடைய செருப்பும் பரணில் ஏறிவிடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு ஜோடி இருக்கிறதா? வெட்கப்பட வேண்டாம், சகோதரி! என் வீட்டிலும் இருந்தது.

அம்மாவின் கட்டைவிரல்

என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தது. "எங்கள் ஊர் மண்ணுக்கு மூன்று வேளையும் அரிசிதான், அதை விட்டால் உயிர் ஏது?" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அப்புறம் காலின் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. அது ஆற எட்டு மாசம் ஆயிற்று. தினமும் அதற்குக் கட்டுப் போட்டவள் நான். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு என் எடை 78 கிலோவைத் தொட்டபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது அந்தக் கட்டைவிரல்தான்.

நடக்க ஆரம்பித்தேன். முதல் மாசம் 2 கிலோ குறைந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட வீட்டில் பாயசம் வைத்தேன் என்றால் என் புத்திசாலித்தனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்! இரண்டாவது மாசம் அரை கிலோ. மூன்றாவது மாசம் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் முந்தின வாரத்தைவிட 300 கிராம் அதிகமாகவே காட்டியது. தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். செருப்பைப் பரணில் போட்டேன்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது டாக்டரிடம் இந்த வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். அவர் கேட்டார்: "நடந்த காலத்தில் வேறு ஒன்றும் மாறவில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. படுத்தவுடன் தூக்கம் வந்தது. ரவிக்கை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"இதையெல்லாம் எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்கள்?" என்றார்.

எடை குறையாமலே ஒரு வெற்றி

அவர் சொன்னது வெறும் சமாதான வார்த்தை அல்ல. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசற்படியில் வந்து நிற்கிறது என்ற நிலையில் இருந்த 531 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனைகள் மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினம் அரை மணி நேரமாவது விறுவிறுப்பான நடை, சாப்பாட்டில் திருத்தம், விடாமல் விசாரித்து ஊக்கம் கொடுக்கும் ஆட்கள். மற்ற இரு பிரிவினருக்கு மாத்திரை. அவர்களில் ஒரு பிரிவுக்கு மாத்திரையோடு நடையும் உண்டு.

மூன்று வருஷத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேரை வியாதி பிடித்துக்கொண்டது. மாத்திரையே இல்லாமல் நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதேதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அப்படி நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! அவர்கள் தராசை மட்டும் நம்பியிருந்தால், "நடந்து என்ன லாபம்?" என்று பாதியில் திரும்பியிருப்பார்கள். நடக்கும்போது தொடைத் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்து எரிக்கின்றன. உடம்பில் சுரக்கும் இன்ஸுலினும் முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது. இந்த வேலையெல்லாம் உள்ளே நடக்கிறது. முள்ளுக்கு அது தெரியாது.

அதற்காக எடை குறையவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், உடல் எடையில் 7 சதவிகிதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்வது என்று இரண்டு குறிகள் வைத்தார்கள். வியாதி வரும் அபாயம் 58 சதவிகிதம் குறைந்தது. 78 கிலோவில் 7 சதவிகிதம் என்றால் எவ்வளவு? சுமார் ஐந்தரை கிலோ. "கல்யாணமான புதிதில் இருந்தமாதிரி ஆகிறேன் பார்" என்று நாம் போட்டுக்கொள்கிறோமே இருபது கிலோ சங்கல்பம், அதில் கால் பங்கு கொஞ்சம் அதிகம்; அவ்வளவுதான்!

நட்ட நாற்றைப் பாருங்கள்

காவேரிக்கரையில் பிறந்தவர்களுக்குப் பொறுமையைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவசரப் பயிர் என்று பெயர் வாங்கிய குறுவைக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும். சம்பாவுக்கு இன்னும் அதிகம். நாற்றைப் பிடுங்கி நட்ட மறுநாள் வயலில் போய்ப் பாருங்கள். வெளிறித் துவண்டு, பார்க்கவே பரிதாபமாக நிற்கும். சில நாள் கழித்துத்தான் பச்சை பிடிக்கும். அதுவரை வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒன்றும் தெரிவதில்லை. "பயிர் வளரவில்லையே" என்று எந்தக் குடியானவரும் நாற்றைப் பிடுங்கிப் போடுவதில்லை. நாம் மட்டும் நம் உடம்பில் நட்டதைப் பிடுங்கிவிடுகிறோம்.

ஒரு புதுப் பழக்கம் வேர் பிடிக்க எத்தனை நாள் ஆகும்? லண்டன் சர்வகலாசாலை ஒன்றில் 96 பேரை வைத்து இதைக் கவனித்து 2009-ல் எழுதினார்கள். சராசரிக் கணக்கு 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே பிடித்துவிட்டது. சிலருக்கு 254 நாள் வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நம்மை ஒப்பிட்டு மனம் நோவது எவ்வளவு அசட்டுத்தனம், பாருங்கள்!

அந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு ஒன்று. நடுவில் ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லையாம். டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், ஒரு முறை தண்ணீர் வரவில்லை என்று யாரும் சாகுபடியை விட்டுவிடுவார்களா? அடுத்த முறைக்கு மடையைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள்.

ஆடிப்பெருக்கன்று சித்திரான்னம் உண்டா? தாராளமாய்ச் சாப்பிடுங்கள். தீபாவளியன்று நடை இல்லையா? போகட்டும். அந்த ஒரு நாள் நம்மைக் கெடுப்பதில்லை. "இன்றைக்குத்தான் கெட்டுப் போயிற்றே, இனிமேல் அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து பார்ப்போம்" என்று தள்ளிப் போடுகிறோமே, அந்த இருபது நாள்தான் கெடுக்கிறது.

கடைசிப் பிடி சாதம்

சமையலறைக்கு வருவோம். நம்மில் பலர் பசித்துச் சாப்பிட்டுப் பெருப்பதில்லை. மிச்சம் வைக்க மனசில்லாமல் பெருக்கிறோம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு பானையில் இரண்டு கரண்டி சாதம், குழந்தை தட்டில் அரை தோசை. "அன்னத்தை எறிவதா?" என்று வாயில் போட்டுக்கொள்கிறோம். நெல் விளைகிற ஊரில் இந்த மனசு இருப்பது நியாயம்தான். ஆனால் அதற்கு நம் பாட்டிமார் வேறு வழி வைத்திருந்தார்கள். மிஞ்சின சாதத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டால் அது காலையில் பழையது. ராத்திரி வயிற்றுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

சாதத்தை அடியோடு விட்டுவிடுகிறேன் என்று சபதம் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் முறிந்துவிடும். இந்தியர்களின் சாப்பாட்டில் சக்தியின் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஓர் இந்திய ஆராய்ச்சி சொல்லுகிறது. ஆகவே ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்புக் கூட்டோ, சுண்டலோ, கீரையோ, ஒரு கிண்ணம் மோரோ வைத்தால் போதும். இலையில் இடம் மாறினால் இடுப்பிலும் மாறும்.

இடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. தையல் பெட்டியில் இருக்கும் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். தினமும் தராசில் ஏறி அழுவதைவிட, மாசத்துக்கு ஒரு தரம் டேப்பைச் சுற்றிப் பார்ப்பது மனசுக்கும் நல்லது.

பத்தாயிரம் அடி என்ற பூச்சாண்டி

"டெலிபோன் தினமும் 10,000 அடி நடக்கச் சொல்லுகிறது, என்னால் ஆகுமா?" என்று மலைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை வைத்திய சாஸ்திரத்தில் பிறந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் அடிகளை எண்ணுகிற ஒரு சின்னக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்; அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'! அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான வயதான பெண்மணிகளைக் கவனித்து 2019-ல் எழுதிய கட்டுரையில், நாளுக்கு சுமார் 4,400 அடி நடந்தவர்களே 2,700 அடி நடந்தவர்களைவிட நீண்ட ஆயுளோடு இருந்தார்கள் என்று கண்டார்கள். 7,500 அடிக்கு மேல் நடந்து கூடுதல் பலன் தென்படவில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் நாளே எட்டையும் முடிக்க வேண்டும் என்பதில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினாலும் நடைதான். சர்க்கரை, இருதயக் கோளாறு, முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

"காப்பி யார் போடுவது? பால் யார் வாங்குவது?" என்ற கேள்வி எழும். "இந்த வயசில் என்ன ஷோக்கு?" என்ற பரிகாசமும் எழும். இரண்டுக்கும் மருந்து, துணைக்கு ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வதுதான். ஒருத்தி நடந்தால் ஷோக்கு. நாலு பேர் நடந்தால் அது ஊர் வழக்கம்!

காலண்டரில் ஒரு வட்டம்

பரணிலிருந்து செருப்பை இறக்கி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கு என் எடை 71 கிலோ. பிரமாதம் ஒன்றுமில்லை, ஆனால் மறுபடி ஏறவில்லை. தராசு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மாசம் ஒரு தரம் வெளியே வரும். அதற்குப் பதிலாகச் சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. நடந்த நாளுக்கு ஒரு வட்டம். சில மாசம் 25 வட்டம், சில மாசம் 12.

அந்த வட்டத்தைப் போடுவது நான் அல்ல, என் அம்மா. அவளால் அதிக தூரம் நடக்க முடியாது. ஆகையால் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு காத்திருப்பாள். நான் சோம்பிப் படுத்திருந்தால், "ஏண்டி, இன்றைக்கு வட்டம் உண்டா, இல்லையா?" என்பாள். அந்தக் குரலுக்கு முன் எந்தப் போர்வை தாங்கும்?

ஆகவே, பக்கத்து வீட்டு அக்காவை நாலு நாளாய்க் காணவில்லை என்றால் கதவைத் தட்டி, "என்ன அக்கா, ஆளையே காணோம்?" என்று கேளுங்கள். உங்களை அப்படிக் கேட்கவும் ஒருத்தியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பரணில் இருக்கும் செருப்பின் தூசியை இன்று ராத்திரியே தட்டிவிடலாம் அல்லவா?