இருவர் எழுதும் ஒரு நிரல்

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, ஸான்பிரான்ஸிஸ்கோவில் கூடிய கணிப்பொறி மகாநாட்டில், டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற விஞ்ஞானி, சுமார் 30 மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கில் அமர்ந்திருந்த தம் சகாவோடு ஒரே ஏட்டைத் திரையில் பகிர்ந்துகொண்டு, பேசியவாறே அதில் வேலை செய்து காட்டினார். இன்று லைவ் ஷேர் போன்ற கருவிகளின் துணையால், வெவ்வேறு தேசங்களிலுள்ள நிரலாளர் இருவர் ஒரே நிரலை ஏககாலத்தில் எழுதுவதும், ஒருவர் தட்டும் எழுத்து அவர் பெயர் தாங்கிய வண்ணக் கர்ஸரோடு மற்றவர் திரையில் உடனே தோன்றுவதும் சகஜமாகிவிட்டன. ஆயினும் அந்தச் சகஜத்தின் அடியில் மறைந்திருக்கும் கணிதம் சாமானியமானதன்று.

செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போய்ச்சேரச் சிறிதேனும் காலம் பிடிக்கிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. இரு திரைகளிலும் “2+3” என்றொரு வரி இருப்பதாகக் கொள்வோம். முதலாமவர் அதன் முன்னால் “4+” என்று சேர்க்கிறார். அதே க்ஷணத்தில் இரண்டாமவர் மூன்றாம் எழுத்தை 7 ஆக்குகிறார். இரண்டாமவருடைய கட்டளை முதலாமவருடைய கணிப்பொறியை அடையும்போது, அங்கே மூன்றாம் ஸ்தானத்தில் நிற்பது 3 அன்று, 2. ஆகவே கட்டளையைச் சொன்னபடியே நிறைவேற்றினால், முதலாமவர் திரையில் “4+7+3” என்றும் இரண்டாமவர் திரையில் “4+2+7” என்றும் இரு வேறு வரிகள் நின்றுவிடும்.

1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர்: வந்த கட்டளையை அப்படியே ஏற்காமல், அது புறப்பட்டபோது அறிந்திராத மாற்றம் யாது என்று பார்த்து, முன்னால் இரண்டு எழுத்துக்கள் புகுந்திருப்பதால் ‘மூன்று’ என்பதை ‘ஐந்து’ என்று திருத்திக்கொள்வது. கேட்க எளிது, ஆனால் சேர்த்தலும் நீக்கலும் பலர் கைகளில் பின்னிக்கொள்ளும்போது எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு, அவர்கள் வகுத்த விதியிலேயே ஒரு பிசகு பின்னாளில் வெளிப்பட்டதே சான்று. வேறொரு வழியும் உண்டு. அதை 2011இல் மார்க் ஷப்பிரோ முதலிய ஆராய்ச்சியாளர் முறைப்படி வரையறுத்தனர். அவ்வழியில் ஸ்தானத்தை எண்ணும் வேலையே இல்லை. ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும்போதே மாறாத ஓர் அடையாளத்தைப் பெறுகிறது; கட்டளையும் அந்த அடையாளத்தையே சுட்டுகிறது. அழிக்கப்பட்ட எழுத்தின் சுவட்டையும் பல சமயம் காத்துவைக்க வேண்டியிருப்பதால் நினைவகச் செலவு கூடும். எனினும் எனக்கு இவ்வழியே அழகானதாகத் தோன்றுகிறது.

ஆனால் இவ்விரு வழிகளும் காப்பது எழுத்தின் ஒற்றுமையை மட்டுமே. ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றும் வேளையில், மற்றவர் பழைய பெயரால் அதை அழைத்து ஒரு வரி எழுதினால், இரு திரைகளிலும் எழுத்துக்கள் பிசகின்றிப் பொருந்தும், நிரல் மட்டும் ஓடாது. அதனால்தான் கூடி எழுதும் நிரலாளர்கள் பெரும்பாலும் குரல்வழிப் பேச்சையும் கூடவே திறந்துவைத்துக்கொள்கிறார்கள்.