மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்களும் மூலிகைச் சாறுச் சோதனையும்

நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் என்கிறோம். இவற்றின் வளர்ச்சியை ஒரு மூலிகைச் சாறு தடுக்கிறதா என்பதை ஆய்வகத்தில் படிப்படியாகக் கண்டறியலாம்.

புதுச்சேரியின் பங்கு

பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய மருந்தெதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் இதுவும் ஒரு முதன்மை மையம். 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு உள்ளது. செடியை அடையாளம் காண இத்தகைய தொகுப்பு உதவும். கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்தின் வெவ்வேறு செடிகள் விற்கப்படுகின்றன. செடி மாறினால் முடிவும் மாறும்.

சோதனை முறை

1. நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்க வேண்டும்.
2. முல்லர்-ஹின்டன் அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு ஏற்றிய 6 மி.மீ. தாள் வில்லையை வைக்க வேண்டும்.
3. சுமார் 35 டிகிரி செல்சியசில் ஓர் இரவு வைத்து, வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையத்தை அளக்க வேண்டும்.

கரைப்பான் மட்டும் ஏற்றிய வில்லையும், அறிந்த மருந்து ஏற்றிய வில்லையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் தேவை.

வளையம் சொல்வதும் சொல்லாததும்

வளையத்தின் அளவு, சாறு அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. எனவே அடுத்ததாக, சாற்றின் செறிவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே சென்று, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைக் காண்பர். அந்தச் செறிவு மனித உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாததா என்பதும் தெரிய வேண்டும். தரை துடைக்கும் கிருமிநாசினியும் வளையம் காட்டும். அதை யாரும் குடிப்பதில்லை.

சில வேளைகளில் சாற்றின் கூறுகள் சேர்ந்தே பயன்தரும். மரமஞ்சளிலும் பெர்பெரிஸ் செடிகளிலும் உள்ள பெர்பெரினை, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா தன் உடலிலுள்ள ‘நார்-ஏ’ என்னும் புரத எக்கி மூலம் வெளியேற்றிவிடுகிறது. அந்த எக்கியைத் தடுக்கும் பொருளும் பெர்பெரிஸ் செடிகளில் இருப்பதை 2000-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வில்லைச் சோதனையில் தோற்ற செடியையும் உடனே ஒதுக்கிவிடக் கூடாது என்பதை இது காட்டுகிறது.

தட்டில் வென்ற சாறு மருந்தாக வேண்டுமானால் விலங்குகளிலும் பின்னர் மனிதர்களிலும் சோதிக்கப்பட வேண்டும். அதுவரை, “ஆய்வில் நிரூபணம்” என்ற செய்தியை நம்பி, மருத்துவர் தந்த மருந்தைப் பாதியில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.